நூலகம் கொடுத்தார், படிக்க நேரம் கொடுக்கவில்லை

பெரும் பணக்காரர் ஒருவர் சொத்தில் பாதியைத் தர்மத்துக்கு எழுதிவைத்தார் என்று செய்தி வந்துவிட்டால் போதும், அதன்பின் யாரும் வாய் திறப்பதில்லை. ‘சம்பாதித்தார், கொடுத்தும்விட்டார், இன்னும் என்ன வேண்டும்?’ என்பதுதான் பொதுப் பேச்சு. கொடுத்துவிட்டால் சேர்த்ததும் நியாயமாகிவிடும் என்ற இந்த நம்பிக்கைக்கு முதல் சாட்சியாக அழைக்கப்படுபவர் ஆண்ட்ரூ கார்னெகி. சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்யலாம்.

ஸ்காட்லாந்து நெசவாளியின் மகன். 1848இல் அமெரிக்காவுக்கு வந்து, பஞ்சாலையில் வாரம் 1.20 டாலர் கூலிக்கு வேலை பார்த்தவர். 1901இல் தன் எஃகு நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்றார். எல்லாம் சொந்த உழைப்பு என்பார்கள். வெளிநாட்டுத் தண்டவாளம் உள்ளே வராதபடி 1870 முதல் அமெரிக்க அரசு டன்னுக்கு 28 டாலர் சுங்கவரி போட்டிருந்தது அந்தக் கதையில் வராது. 1901இல் அங்கே மத்திய வருமான வரியே கிடையாது என்பதும் வராது.

பென்சில்வேனியாவில் பிராடக் என்ற ஊர். அங்கிருந்த அவருடைய ஆலையில் எட்டு மணி நேர வேலைமுறை நடப்பில் இருந்தது. 1888இல் வேலைநிறுத்தத்தை முறியடித்து, பன்னிரண்டு மணி நேரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மறு வருடமே, 1889இல், அதே பிராடக்கில் அமெரிக்காவின் முதல் கார்னெகி நூலகம் திறக்கப்பட்டது. அடித்தளத்தில் தொழிலாளிகள் கரி போகக் குளிக்கக் குளியலறைகள்கூட வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உலை முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நின்று, குளித்து முடித்தவன் மாடியேறிப் போய் எதைப் படிப்பான்? பகல் வேலையிலிருந்து இரவு வேலைக்கு மாறும் முறை வந்தால் தொடர்ந்து இருபத்து நான்கு மணி நேரம் நிற்க வேண்டும்.

அந்த 1889இல்தான் செல்வம் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையையும் எழுதினார். பணத்தைச் சிறுசிறு தொகையாக மக்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் தின்றும் குடித்தும் தீர்ப்பார்கள்; ஒருவர் கையில் சேர்ந்து பொதுக் காரியத்துக்குச் செலவானால் அவர்களுக்கே நல்லது என்பது அதன் வாதம். விஷயமே இங்கேதான் இருக்கிறது. கூலியாகப் போயிருந்தால் வீட்டு வாடகையா, பிள்ளையின் படிப்பா, ஞாயிற்றுக்கிழமை ஓய்வா என்று தொழிலாளி முடிவு செய்திருப்பான். கொடையாக வரும்போது முடிவு முதலாளியுடையது; நன்றி மட்டும் தொழிலாளியுடையது.

1892இல் பக்கத்து ஊரான ஹோம்ஸ்டெட்டில் இருந்த அவருடைய இன்னொரு ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிற்சங்கத்தை ஒழிக்க, நிர்வாகி ஹென்றி ஃப்ரிக் பிங்கர்ட்டன் நிறுவனத்தின் கூலிப்படையினர் சுமார் 300 பேரைப் படகில் இறக்கினார். ஜூலை 6 அன்று நடந்த மோதலில் இரு தரப்பிலும் சேர்த்துக் குறைந்தது பத்துப் பேர் செத்தார்கள். சங்கத்தின் உரிமையை ஆதரித்து 1886இல் எழுதியிருந்த கார்னெகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். சங்கம் ஒழிந்தது. ஆறு வருடம் கழித்து, 1898இல், அங்கேயும் நூலகம் வந்தது, நீச்சல் குளத்தோடும் இசை அரங்கோடும்.

உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களால் லட்சக்கணக்கானோர் படித்தார்கள் என்பதை மறுக்க முடியாது. அவற்றில் பெரும்பாலானவை எப்படி நடந்தன? நிலத்தை ஊர் தர வேண்டும். கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரே ஒதுக்க வேண்டும். இது அவர் போட்ட நிபந்தனை. அதாவது, விளக்கு எரிந்தது ஊரார் வரிப் பணத்தில்.

இன்னொன்று: பெரும் சொத்துகளுக்குக் கடுமையான வாரிசு வரி வேண்டும் என்று அதே கட்டுரையில் கார்னெகியே எழுதியிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இடத்தை மட்டும் வசதியாகத் தாண்டிப் போகிறார்கள். வரி என்றால் கட்டாயம், கொடை அப்படியில்லை: 2010இல் பில் கேட்ஸும் வாரன் பஃபெட்டும் தொடங்கிய கொடை உறுதிமொழியில் கையெழுத்திட்டவர்கள் யாருக்கும் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே, அடுத்த நன்கொடை அறிவிப்பைக் கண்டு கைதட்டும் முன், அந்த நிறுவனத்தில் கூலி எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம், கட்டிய வரி எவ்வளவு என்று கேளுங்கள்.