அதே மாத்திரை, அதே சீட்டு, மாசா மாசம் புது ஃபீஸ்!

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 58. எட்டு வருஷமாக சுகர், நாலு வருஷமாக பிரஷர். மாத்திரை மாறவில்லை, அளவும் மாறவில்லை. ஆனாலும் மாசத்துக்கு ஒரு தடவை சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு கிளினிக்கில் டோக்கன் போட்டு உட்காருகிறார். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிடுகிறார்கள். "எப்படி இருக்கீங்க?" "பரவாயில்லைங்க." "அதையே கன்டினியூ பண்ணுங்க." மூன்றே நிமிஷம். அதே சீட்டு, தேதி மட்டும் புதுசு!

இதற்குப் பெயர் வைத்தியமா, சந்தாவா?

காமர்ஸ் படிக்கிற யாரும் இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. டாக்டர் ஃபீஸ் 300, அரை நாள் கூலி இழப்பு 350, பஸ்ஸுக்கு 40 என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 690 ரூபாய். வருஷத்துக்கு 8280. மாத்திரைக்கு மாசம் 200 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 2400தான். அதாவது, மருந்தை விட மருந்து வாங்க அனுமதிச் சீட்டுக்கு மூன்று மடங்குக்கும் மேல் செலவு! எந்தக் கம்பெனியாவது சரக்கு விலையை விட பில் போடுவதற்கு அதிகம் செலவழித்தால் அந்த வருஷமே கடையைச் சாத்த வேண்டியதுதான்.

இந்தச் செலவு தாங்காதவர் என்ன செய்வார்? இரண்டு வழிதான். ஒன்று, "இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு வேண்டாம்" என்று மாத்திரையை இழுத்துப் பிடிப்பார். பிரஷர் மாத்திரையை இப்படி விட்டு விட்டுப் போட்டால் பக்கவாதம் வந்து நிற்கும். வலிப்புக்குச் சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே திரும்பி வரும். இரண்டாவது வழி, பழைய சீட்டையோ காலி அட்டையையோ மெடிக்கலில் நீட்டுவார். கடைக்காரரும் எடுத்துக் கொடுத்துவிடுவார். அப்படியே மூன்று வருஷம் ஓடும். நடுவில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, சர்க்கரை அளவு என்ன என்று யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு பக்கம் தேவையில்லாத அலைச்சல், இன்னொரு பக்கம் கேள்வியே இல்லாத விற்பனை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நீண்ட நாள் நோய்க்கு எழுதும் சீட்டை, மூன்று நாள் காய்ச்சலுக்கு எழுதும் சீட்டு மாதிரியே எழுதுகிறார்கள்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டுமா என்றால், வேண்டவே வேண்டாம். சட்டம் 1945-லேயே வந்துவிட்டது! மருந்து விதிகளில் 65-வது விதி என்ன சொல்கிறது? எச் அட்டவணை மருந்துக்கான சீட்டைக் காட்டி ஒரு தடவைக்கு மேல் மருந்து வாங்க முடியாது, ஆனால் ஒரு தடவைக்கு மேல் கொடுக்கலாம் என்று டாக்டரே அதில் எழுதியிருந்தால் வாங்கலாம். இத்தனை தடவை, இத்தனை நாள் இடைவெளியில் என்று அவர் எழுதியிருந்தால் கடைக்காரர் அதன்படிதான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது கடையின் பெயர், முகவரி, தேதியைச் சீட்டில் குறிக்கவும் வேண்டும். எவ்வளவு தெளிவான ஏற்பாடு! டாக்டர் ஒரே ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும், கடைக்காரர் ஒரு முத்திரை குத்த வேண்டும். அந்த ஒரு வரியையும் முத்திரையையும் எத்தனை சீட்டில் பார்த்திருக்கிறீர்கள்?

டாக்டர்கள் தரப்பில் ஒரு பதில் வரும். "ஆறு மாசத்துக்கு எழுதிக் கொடுத்தால் பேஷண்ட் திரும்பி வரவே மாட்டார், டெஸ்ட்டும் எடுக்க மாட்டார்." நியாயமான பயம்தான், மறுக்க முடியாது. ஆனால் மாசா மாசம் வருகிறவருக்கு மட்டும் ஒழுங்காக டெஸ்ட் நடக்கிறதா? சுகர் கட்டுக்குள் இருக்கிறவருக்கு மூன்று மாசச் சராசரி காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட் வருஷத்துக்கு இரண்டு தடவை போதும். தைராய்டு மாத்திரை அளவு நிலையாக இருந்தால் டிஎஸ்எச் பார்ப்பது ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவைதான். ஆக, சீட்டின் கெடுவை டெஸ்ட்டின் கெடுவோடு கட்டிவிடலாமே! ஆறாவது மாசம் சீட்டு காலாவதி. புது டெஸ்ட் ரிசல்ட் இல்லாமல் புதுச் சீட்டு கிடையாது. அப்போது அந்த மூன்று நிமிஷம் பதினைந்து நிமிஷமாகும், காலைப் பார்க்கவும் கண்ணைப் பற்றிக் கேட்கவும் நேரம் இருக்கும்.

"தூக்க மாத்திரையையும் இப்படிக் கொடுக்கலாமா?" என்று அடுத்த கேள்வி வரும். கூடாது. புதிதாக மருந்து ஆரம்பித்தவருக்கும், அளவு இன்னும் நிலைக்கு வராதவருக்கும், கர்ப்பிணிகளுக்கும் கூட இது பொருந்தாது. அல்பிரஸோலம் மாதிரி மாத்திரைகளுக்கு எச்1 அட்டவணை என்று 2014 முதல் தனிப் பதிவேடே இருக்கிறது. ஒரு சில மருந்தில் ஆபத்து இருக்கிறது என்பதற்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவரை மாசா மாசம் அலைய விடுவது என்ன நியாயம்?

அரசே இந்த அலைச்சலை ஒரு விதத்தில் ஒத்துக்கொண்டுவிட்டது. 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலை மருத்துவ வழிகாட்டுதலில், தொடர் மருந்துகளை மறுபடி எழுதிக் கொடுப்பதற்கு இடம் வைத்தார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. மாத்திரையே வீடு தேடிப் போகலாம் என்றால், தனியார் கிளினிக்கில் மட்டும் ஒரு வரி எழுதப் பேனா ஏன் தயங்குகிறது?

2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். பிரஷர் இருப்பவர்கள் 31.5 கோடி பேர். இவர்களில் பலரும் நீண்ட காலம் மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள். இவர்களில் சம்பளத்தோடு லீவு கிடைக்கிறவர்கள் எத்தனை பேர்?

வீட்டில் அப்பாவோ அம்மாவோ தாத்தாவோ யாராவது ஒருவர் இந்த வரிசையில் இருப்பார். அடுத்த தடவை கூடப் போகிறவர்கள் சும்மா மொபைலை நோண்டிக்கொண்டு உட்கார வேண்டாம். உள்ளே போனதும் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "டாக்டர், அளவு மாறலைன்னா இதை எத்தனை தடவை வாங்கலாம், அடுத்த டெஸ்ட் எப்பன்னு சீட்டுலயே எழுதித் தர்றீங்களா?"

நல்ல டாக்டர் எழுதிக் கொடுப்பார். எழுத மறுக்கிறவர் அதற்கு மருத்துவக் காரணம் சொல்லட்டும். காரணம் சரியாக இருந்தால் கேட்டுக்கொள்ளலாம். காரணமே இல்லை என்றால், மாசா மாசம் கட்டுவது சந்தா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.