குழாயைக் கேட்டு உரமிடுவீர்!

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து பாண்டுப் நிலையத்தில் நாங்கள் நால்வர் இறங்கினோம். அவர்களுள் இருவர் கையில் ஒரே வகைக் குப்பி இருந்தது. மீன்தொட்டிச் செடிகளுக்கான அயல்நாட்டு உரம் அது. விலையைக் கேட்டேன். ஒரு மாத ரயில் பாஸைவிட அதிகம் என்றார்கள். போகட்டும். உங்கள் தொட்டியில் எந்தச் சத்துக் குறைகிறது என்று கேட்டேன். அதற்கு விடை இல்லை. "படத்தில் காட்டினார்கள், வாங்கினோம்" என்றார் ஒருவர்.

நண்பர்களே, அந்த விடையோடுதான் எனக்கு வழக்கு.

நாம் படித்தவர்கள். வேதியியல் கூடத்தில் துளித்துளியாக அளந்து ஊற்றுகிறோம். வீட்டுக்கு வந்ததும் அளவையும் மறக்கிறோம், ஆராய்ச்சியையும் மறக்கிறோம். செடிக்கு உரம் இடுமுன் அதன் வேர் நிற்கும் தண்ணீர் எத்தகையது என்று அறிய வேண்டாமா? ஊரில் நம் பாட்டனார் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதானே எருவைப் பற்றிப் பேசினார்!

பாண்டுப்வாசிகளாகிய நமக்கு இதில் ஒரு தனி வாய்ப்பும் உண்டு. மும்பை மாநகர் குடிக்கும் நீரின் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படும் இடம் நம் பாண்டுப்தான். ஆசியாவின் மிகப் பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுள் ஒன்று நம் மலையடிவாரத்தில் நிற்கிறது. வைதர்ணா, தான்சா முதலிய ஏரிகளின் நீர் பெருங்குழாய்களில் அங்கே வந்து சேர்கிறது. படிகார வகை உப்பிட்டுக் கலங்கலைப் படிய வைக்கிறார்கள், மணலில் வடிக்கிறார்கள், குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள்.

அந்த ஏரி நீர் எங்கிருந்து வந்தது? நான்கு மாத மழை. அது விழுவதோ தக்காணத்துக் கருங்கல் பூமி; சுண்ணாம்புப் பாறை அன்று. ஆகவே கரைந்து வரும் உப்பு மிகக் குறைவு. இதற்குக் கருவி வேண்டுவதில்லை. சோப்பு எவ்வளவு எளிதில் நுரைக்கிறது என்று பாருங்கள். இட்லிப் பானையின் அடியைத் தடவிப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையில் கிணற்று நீர் ஊற்றிய பானையில் வெள்ளைப் பொருக்கு ஏறிக் கிடக்கும். இங்கே பல ஆண்டுக்குப் பின்னும் அவ்வளவு காண்பதில்லை. அங்கே கடினநீர், இங்கே மென்னீர்.

இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான் சென்னை நண்பர் சொன்ன அளவை இங்கே அப்படியே இடுகிறோம். ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பெரும்பாலும் வேண்டிய அளவு இருக்கும். அவர் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நம் குழாய் நீரில் முதலில் குறைவது அவைதாம். அவர் குப்பியோ அவற்றைப் பெரும்பாலும் தருவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பிரெங்கலும் லீபிக்கும் சொன்னது இதைத்தான்: எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே வளர்ச்சியின் எல்லை. மற்றவற்றைக் கொட்டினால் செடி தின்னாது. பாசி தின்னும்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதலாண்டில் என் செடிகளின் அடியிலைகள் மஞ்சளித்தன. நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச் சத்துக் குறைவு என்று நானே முடிவு கட்டி இரும்பை ஊற்றினேன். மஞ்சள் மாறவில்லை. பிறகுதான் படித்தேன்: இரும்பு ஓரிலையிலிருந்து மற்றோர் இலைக்கு எளிதில் இடம் பெயராது, ஆகவே அதன் குறை புதுக்கொழுந்தில் தெரியும். மக்னீசியமோ பழைய இலையிலிருந்து உருவப்பட்டுக் கொழுந்துக்குப் போய்விடும்; அதன் குறை கீழிலையில் தெரியும். பழைய இலையில் ஊசித்துளை விழுந்தால் சாம்பல்சத்தை நினையுங்கள். கொழுந்து முறுக்கிக் குறுகினால் சுண்ணாம்புச் சத்தை நினையுங்கள். மருந்துக்கடையில் காசுக்குக் கிடைக்கும் பேதியுப்பு, 40 லிட்டர் தொட்டிக்கு 1 கிராம். அதனால் லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 மில்லிகிராம் மக்னீசியம் கூடும். வாரம் ஒருமுறை இட்டேன். ஒரு மாதத்தில் வந்த இலைகள் பச்சையாகவே நின்றன. குப்பிக்குச் செலவிட்ட பணத்தை எண்ணி அன்றிரவு தூக்கம் வரவில்லை!

இதனினும் பெரிய பிழை ஒன்றும் செய்தேன். உரக்கடை ஒன்றில் 19:19:19 என்ற பொடி மலிவாகக் கிடைத்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சமமாக உள்ளதே என மகிழ்ந்து ஒரு சிட்டிகை இட்டேன். அதிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியாவும் அம்மோனியமும் என்பதை நான் பார்க்கவில்லை. வயலுக்கு அது நல்லுணவு. மூடிய தொட்டியில் மீனுக்கு நஞ்சு. மறுநாள் காலை ஆறு கப்பிகளும் மேலே வாய் பிளந்து நின்றன. மாலையில் இரண்டுதான் மிஞ்சின. தழைச்சத்து வேண்டுமானால் பொட்டாசியம் நைட்ரேட்டாக இடவேண்டும். உரக்கடையில் 13:0:45 என்று கேட்டால் தருவார்கள். ஆனால் மீன் உள்ள தொட்டியில் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் மீனுணவே பெரும்பாலும் தந்துவிடுகிறது. குறைவது மற்றவைதாம்.

இனி என் முதன்மையான எதிர்ப்புக்கு வருகிறேன். டாம் பார் என்ற அமெரிக்கர் பரப்பிய ஒரு முறை உலகெங்கும் வழங்குகிறது. எல்லாச் சத்தையும் தாராளமாக இடு. மிஞ்சியதை வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்றி வெளியேற்று. குறைகூற முடியாத கணக்கு. ஆனால் அந்தக் கணக்கின் ஒரு பக்கத்தில் வற்றாத குழாய் ஒன்று ஒளிந்திருக்கிறது. 40 லிட்டர் தொட்டியில் பாதி 20 லிட்டர். குடிசைப்பகுதியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பதே மாநகராட்சி நெடுங்காலம் வைத்திருந்த கணக்கு. சுத்திகரிப்பு நிலையத்தைக் கண்ணால் காணும் மலைச்சரிவில் வாழ்வோர் அதிகாலையில் குடங்களோடு காத்து நிற்கிறார்கள். அவர்களுள் நம் சங்க உறுப்பினர் வீட்டாரும் உண்டு. அந்த வரிசையில் நின்று அம்மா கொண்டுவந்த தண்ணீரில் ஒருவர் நாள் பங்கின் ஏறக்குறையப் பாதியைச் செடி அழகுக்காகச் சாக்கடையில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

அப்படியானால் தொட்டியே வேண்டாமே என்பார் சிலர். வேண்டும் என்பேன். டயானா வால்ஸ்டாட் 1999-இல் வெளியிட்ட நூல் வேறு வழி காட்டியது: மணலுக்கு அடியில் மண், அளவான வெளிச்சம், குறைந்த நீர்மாற்றம். வெளிச்சம் கூடினால் செடியின் பசி கூடும். பசி கூடினால் உரம் கூடும். உரம் கூடினால் தண்ணீர் கூடும். விளக்கைக் குறையுங்கள். அனுபியாஸ், ஜாவா பெரணி, கிரிப்டோகோரைன் போன்று மெல்ல வளர்வனவற்றை வையுங்கள். இவற்றுள் கிரிப்டோகோரைன் வகைகள் சில இலங்கையின் ஓடைகளிலேயே பிறந்தவை.

நம் மென்னீர் இதற்கு ஒத்துழைக்கிறது. ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்ற ஊற்றக் கடினநீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். இங்கே அது மெதுவாகவே ஏறும். ஆனால் ஓர் எச்சரிக்கை. மீன்கழிவு நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் பிறக்கிறது. அதைத் தாங்கும் கார்பனேட் நம் நீரில் சொற்பம். அது தீர்ந்தால் நீர் திடீரெனப் புளித்துவிடும். இதற்கு நான் கண்ட மருந்து கிளிஞ்சல். திருச்செந்தூரில் பொறுக்கி வந்ததைக் கழுவி, கொதிக்க வைத்து, ஒரு பிடி வடிகட்டிக்குள் போட்டேன். நீர் புளிக்கத் தொடங்கினால் அது கரையும். சரியானதும் கரைவது தணியும். சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கும். நுண்சத்துக்கு மட்டும் குப்பி வாங்குங்கள்; அதை நான் தடுக்கவில்லை.

குளோரின்? குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்பது குடிநீர்த் தர விதி. அது நமக்குக் காவல்; மீனின் செவுளுக்குப் பகை. அகன்ற வாளியில் ஒரு நாள் வைத்தால் போய்விடும். கொசு புகாதபடி மெல்லிய துணியால் மூடுங்கள். மழைக்காலத்தில் குழாய்நீர் கலங்கலாகவோ மருந்து வாடையோடோ வரும் நாட்களில் தொட்டியைத் தொடாதீர்கள்.

இப்போது என் தொட்டிக்கு வாரம் 5 லிட்டர்தான் மாற்றுகிறேன். எடுத்த நீரை அம்மா வாசலில் உள்ள கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறார். அது போன ஆண்டைவிடச் செழித்திருக்கிறது. உன் மீன் பிழைக்கிறதோ இல்லையோ, ரசத்துக்குத் தாளிக்க இலை கிடைக்கிறது என்கிறார்.