வலி போச்சு... சிறுநீரகம்?

"மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வலி நின்றதும் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். ஆனால், உடம்புக்கு அதன் பிறகும் வேலை இருக்கிறது.

விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து, ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போகிறது. அங்குள்ள என்சைம்கள் மருந்தை வேறு பொருளாக மாற்றுகின்றன. பெரும்பாலும், நீரில் எளிதில் கரையும் பொருளாக. அதைச் சிறுநீரகம் பிரித்து வெளியேற்றுகிறது. இந்த மாற்றத்தில் நல்லதும் பிறக்கலாம், கெட்டதும் பிறக்கலாம்.

ஃபினாசிடின் கதையே இதற்கு உதாரணம். 1887-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த வலி மருந்து இது. பிறகு ஆஸ்பிரின், காஃபினுடன் சேர்த்துப் பொடியாகவும் மாத்திரையாகவும் பல நாடுகளில் விற்றார்கள். ஆஸ்திரேலியாவில் இல்லத்தரசிகளும், ஸ்வீடனில் தொழிற்சாலைப் பணியாளர்களும் களைப்புத் தெரியாமல் இருக்க இதைத் தினமும் சாப்பிட்டார்கள்.

உடலுக்குள் ஃபினாசிடினின் பெரும்பகுதி பாராசிட்டமாலாக மாறுகிறது, வலியைக் குறைப்பதில் அதற்குத்தான் முக்கியப் பங்கு என்பதை 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் பிராடி, ஆக்ஸல்ராட் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். மீதியில் ஒரு சிறு பகுதி வேறு பொருளாகி, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்தது. வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகத்தின் உள்பகுதியும் அழுகியது. 1953-லேயே சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் இந்தப் பாதிப்பைப் பற்றி எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் இந்த மருந்து விடைபெற்றதோ 1983-ல்தான்!

சிறுநீரகம் கெட்டால் ரத்தசோகை ஏன் வருகிறது? எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது பெரும்பாலும் சிறுநீரகம்தான். 'சிவப்பணு தயார் செய்' என்று எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடுவது இந்த ஹார்மோன். அது குறைந்தால் ஹீமோகுளோபின் இறங்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், உடம்பு அசதியாக இருக்கும். அசதியை உடம்பு வலி என்று நினைத்து இன்னொரு மாத்திரை போட்டால், பாதிப்பு இன்னும் கூடும். இந்த வகை ரத்தசோகைக்குக் கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் மட்டும் போதாமல் போகலாம்.

ஃபினாசிடின் போனாலும் ஆபத்து முழுதாகப் போகவில்லை. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. ஓரிரு நாள் சாப்பிடுவதில் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் வராது. வயதானவர்கள், சுகர், பி.பி. உள்ளவர்கள், சிறுநீர் அதிகம் போக மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்குத்தான் கவனம் தேவை. வாந்தி, வயிற்றுப்போக்கால் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்த மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். பாராசிட்டமால் சிறுநீரகத்துக்கு ஓரளவு பாதுகாப்பானது. ஆனால், அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும்.

வீட்டில் யாராவது மாதக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிடுகிறார்களா? அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கிரியாட்டினின், ஹீமோகுளோபின், சிறுநீரில் ஆல்புமின் ஆகிய மூன்று பரிசோதனைகளும் தேவையா என்று கேளுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.