அமர்ந்து பேச ஓரிடம்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ளது பனவடலிசத்திரம். தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் பெயரிலேயே பழைய வாழ்க்கைமுறை ஒன்று பதிந்திருக்கிறது. வடலி என்பது பனையின் இளநிலை. பயிர்களின் இளநிலைகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களைத் தொகுத்துக் காட்டிய தேவநேயப் பாவாணர், இச்சொல்லையும் அவற்றுள் சேர்த்துள்ளார். அவர் பிறந்ததும் சங்கரன்கோவிலில்தான். சத்திரம் என்பதோ வழிநடையாக வருவோர் தங்கிச் செல்லும் இடம். முன்பின் அறியாதோர் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து, இளைப்பாறி, ஊர்ச்செய்தி பேசிப் பிரிந்த காலத்தை அச்சொல் நினைவூட்டுகிறது.

மக்கள் ஊர்விட்டு ஊர் நடந்தே சென்ற நாள்களில், வழியில் அமர இடம் தருவது அறமாகக் கருதப்பட்டது. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகளும் சத்திரங்களும் அமைத்தமைக்காக இன்றும் நினைக்கப்படுகிறார். எளிய மக்கள் தம் அளவில் சுமைதாங்கி நட்டனர். இரு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தினால் சுமைதாங்கி ஆயிற்று. தலைச்சுமையோடு வருபவர் பிறர் கைகொடுக்காமலேயே சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் அதன் உயரம் ஏற்றதாக இருந்தது. கருவுற்றிருந்த நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நடும் வழக்கமும் உண்டு. தன் சுமையை இறக்காமலே மறைந்தவளுக்காக, வழிப்போக்கர் சுமை இறக்க ஒரு கல்!

வீட்டுத் திண்ணை இதே எண்ணத்தின் மற்றொரு வடிவம். வாயிற்படியின் இருபுறமும் எதிரெதிரே அமைந்த இரு திண்ணைகளை எண்ணிப் பார்க்கலாம். இடையே சில அடி இடைவெளிதான். குரலை உயர்த்தாமல் பேசுவதற்கு அது போதும். பேச விருப்பமில்லாதவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கவும் இடம் தரும். தாழ்ந்த கூரை வெயிலை மறைத்தது. தூண் முதுகைத் தாங்கியது. பல வீடுகளில் திண்ணையின் ஓரத்தில் சரிவான திண்டு ஒன்றையும் சேர்த்தே கட்டினர். யாரென்று தெரியாத ஒருவர் தலைசாய்ப்பதற்கு அது தலையணையாயிற்று.

ஆயினும் பழைமையைப் போற்றுவதோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. அத்திண்ணையில் யார் அமர்ந்தனர் என்னும் வினாவையும் எழுப்ப வேண்டும். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோர் தெருவில் நின்றே பேச வேண்டியிருந்தது. ஆலமரத்தடி மேடையும் ஊர்ச்சாவடியும் பெரும்பாலும் ஆண்களுக்கே உரியனவாயிருந்தன. பெண்கள் கிணற்றடியிலும் குளக்கரையிலும் வேலைக்கிடையே நின்றபடி பேசினர். தேநீர்க்கடைகளில் தனிக்குவளையும் தனி இருக்கையும் வைத்த கொடுமை, விடுதலைக்குப் பின்னும் பல்லாண்டுகள் நீடித்தது. உரையாடலுக்கு ஏற்ற இருக்கையைச் செய்யத் தெரிந்திருந்த சமூகம், அதில் எல்லாரையும் அமரவைக்க மறுத்தது.

இன்றைய பொது இருக்கையின் நிலையோ இதற்கு நேர்மாறானது. பேருந்து நிழற்குடையில் எவரும் எவர் அருகிலும் அமரலாம். அரசமைப்புச் சட்டம் அதற்குத் துணைநிற்கிறது. கடைகளில் நாள்முழுதும் நின்றே பணிபுரிவோர்க்கு இருக்கை தர வேண்டுமெனத் தமிழ்நாடு 2021இல் சட்டம் இயற்றியது. அமர்தல் சலுகையன்று, உரிமை என்னும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம். இது சிறிய மாற்றமன்று. ஆனால், இருக்கையின் வடிவம் அமர்ந்தவரைத் தனியராக்குகிறது. எஃகால் ஆன ஒரு நீள்வரிசை. அனைவரும் சாலையையே பார்த்து அமர வேண்டும். மூன்றாமவரோடு பேச விரும்பும் முதலாமவர், முன்னே குனிந்து கழுத்தைத் திருப்பியாக வேண்டும். பங்குனி, சித்திரைப் பிற்பகலில் எஃகு சுடும் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

சில இடங்களில் இருக்கைக்கு இடையிடையே கைப்பிடிகளும் பொருத்தப்படுகின்றன. முதியவர் ஊன்றி எழ அவை உதவும். எவரும் படுத்துவிடாமல் தடுக்கவும் உதவும். இலண்டன் நகரின் காம்டன் பகுதியில் 2012இல் வைக்கப்பட்ட கான்கிரீட் இருக்கை, தடுப்பதையே தலையாய நோக்கமாகக் கொண்டது. எவரும் நீட்டிப் படுக்க இயலாதபடி அதன் மேற்பரப்பு பல சரிவுகளாக வார்க்கப்பட்டது. தலையணையோடு கட்டிய திண்ணையையும் இதனையும் அருகருகே வைத்து நோக்கினால், அயலாரை ஒரு சமூகம் எவ்வாறு காண்கிறது என்பது விளங்கும். வீடற்றவருக்கு உறங்க வேறிடம் தராமல் இருக்கையை மட்டும் சரிவாக்குவது ஏற்கத்தக்கதன்று.

இருக்கையின் அமைப்பு பேச்சை எவ்வளவு மாற்றும் என்பதை ஆய்வாளர் அளந்தே காட்டியுள்ளனர். கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் உளநல மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட், மனிதரை ஒன்றுசேர்க்கும் இடம், விலக்கிவைக்கும் இடம் என இடங்களை 1957இல் வகைப்படுத்தினார். அங்கே முதியோர் கூடத்தில் நாற்காலிகள் சுவரோரமாக வரிசையாகப் போடப்பட்டிருந்தன. கூடம் பொலிவாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சொலி இல்லை. ராபர்ட் சோமர் என்னும் உளவியலாளர், நாற்காலிகளைச் சிறு மேசைகளைச் சுற்றி மாற்றிப் போட்டார. முதியோர் முதலில் அதனை விரும்பவில்லை. நாற்காலிகளை மீண்டும் சுவரோரத்திற்கே நகர்த்தினர். சில வாரங்கள் சென்றபின் உரையாடல் ஏறத்தாழ இருமடங்காயிற்று. மேசையின் மூலையை ஒட்டி அமர்ந்தவர்களே மிகுதியாகப் பேசுகின்றனர் என்பதும் அவர் கண்டது.

அமெரிக்காவில் வில்லியம் ஒயிட், நியூயார்க்கின் சிறு சதுக்கங்களை 1970களில் படம்பிடித்து ஆராய்ந்து 1980இல் நூலாக்கினார். ஒரு சதுக்கத்தில் கூட்டம் நிறைவதற்கும் மற்றொன்று வெறிச்சோடுவதற்கும் முதன்மைக் காரணம் அழகோ பரப்போ அன்று, உட்கார இடம் இருக்கிறதா என்பதே என்றார். பெண்கள் மிகுதியாக வரும் இடமே நன்கு அமைந்த இடம் என்பதும் அவர் கணக்கெடுத்துக் கூறியது.

இவற்றை ஒரு சிற்றூரின் கடைத்தெருவுக்குக் கொண்டுவரப் பெருஞ்செலவு தேவையில்லை. நீள்வரிசையை ஒடித்து, ‘ட’ என்னும் எழுத்தைப்போல் அமைத்தாலே மூலையில் இருவர் முகம்பார்த்துப் பேசலாம். உயரம் ஏறத்தாழ ஒன்றரை அடி. பக்கத்தில் சக்கர நாற்காலி வந்து நிற்குமளவு வெற்றிடம். மேற்கே மாலைவெயிலை மறைக்க ஒரு வேம்போ புங்கமரமோ. இருக்கையை எங்கே வைப்பது என்பதே கடினமான பகுதி. ஒதுக்குப்புறத்துப் பூங்காவின் மூலையில் வைத்தால் பெண்கள் அங்கே வாரார். பூக்கடை, தையற்கடை, பள்ளி வாயில் எனப் பெண்கள் ஏற்கெனவே நடமாடும் இடத்தில், விளக்கொளியில், பலர் பார்வையில் அது இருக்க வேண்டும். சென்னைப் பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்ட அகன்ற நடைபாதையில், கடைக்கு வந்த பெண்கள் பைகளை இறக்கிவைத்து அமர்ந்திருப்பதைக் காணலாம். பெருநகரில் இயல்வது சிற்றூரில் இயலாதென்று கொள்ளக் காரணமில்லை.

இருக்கையை மாற்றிவிட்டால் கைப்பேசியை விட்டு முகம் நிமிருமா என வினவுவோர் உண்டு. எல்லாரும் நிமிர்வார்கள் என்று சொல்ல இயலாது. ஆனால், வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்லுமாறு மூதாட்டி ஒருவர் பக்கத்தில் இருக்கும் மாணவியிடம் கைப்பேசியை நீட்டும்போது, அதே கருவி பேச்சைத் தொடங்கிவைக்கிறது. அதற்கு அவ்விருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணும்படி அமர்ந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நிழற்குடை வேண்டும் என்னும் கோரிக்கை அங்கே புதிதன்று. அது எவ்வாறு இருக்க வேண்டும் என்னும் பேச்சுத்தான் எழுவதில்லை. ஒயிட் செய்ததை மாணவரும் செய்யலாம். ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாலைப்பொழுது குறிப்பேட்டுடன் இருந்து, அமர்ந்தவர் எத்தனை பேர், இடமிருந்தும் நின்றவர் யார், பெண்கள் எத்தனை பேர், அறிமுகமில்லாதவரோடு பேசியவர் எத்தனை பேர் என எழுதிக்கொள்ளலாம். அக்கணக்கோடு ஒருவர் சபையில் எழுந்தால், இருக்கை எத்திசை நோக்கி, யாருக்காக என்னும் வினாக்களுக்கு ஊரார் விடை சொல்லியாக வேண்டும்.