996-ஐ ஒதுக்காதீர்கள்

பழைய போர்ஷே 911 தேடுகிறவர்கள் பலர் முகப்பு விளக்கைப் பார்த்தவுடனேயே 996-ஐத் தள்ளிவிடுகிறார்கள். 1997-இல் வந்த இந்தத் தலைமுறையில்தான் 911-இன் எஞ்சினைக் காற்றுக்குப் பதில் தண்ணீர் குளிர்விக்கத் தொடங்கியது. போர்ஷேயின் இன்னொரு காரான பாக்ஸ்டரோடு பகிர்ந்துகொண்ட அந்த விளக்கை ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. 2004-இல் அடுத்த தலைமுறையான 997 வந்தபோது வட்ட விளக்கு திரும்பியது. இன்று பழைய கார் சந்தையில் அதற்கு விலையும் கூடுதல். எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் பார்க்க வேண்டிய இடம் எஞ்சினுக்குள் இருக்கிறது. கேம்ஷாஃப்ட்டுகளை இயக்கும் இடைத்தண்டின் ஒரு முனையை ஒரு சின்ன பேரிங் தாங்குகிறது. அது உடைந்தால் எஞ்சினே போய்விடும். 996-இல் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே அதையும் மாற்றிவிடலாம். 997-இன் முற்பகுதிக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு பேரிங் பெரியது, உறுதியானது. ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் கழற்ற வழியில்லை. 2008-இல் புதுப்பித்த 997-இல் அந்தத் தண்டே கிடையாது. (டர்போ, ஜிடி3 இரண்டிலும் எஞ்சின் வேறு, அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.) கையில் பணமிருந்தால் 2008-க்குப் பிந்தைய காரையே வாங்குங்கள். இல்லையென்றால், பேரிங் மாற்றிய ரசீதோடு வரும் 996 எனக்குப் போதும். வாங்குமுன் ஆயில் ஃபில்டரை மட்டும் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்புகளில் உலோகத் துகள் மின்னினால், எவ்வளவு அழகான காராக இருந்தாலும் வேண்டாம்.