திருவிழாப் படம் எடுக்க ஹேண்ட்போன் போதுமா, கேமரா வேணுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ கலக்கி பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிங்க.

எங்க கோயில்ல 14 வருஷமா படம் புடிக்கிற தொண்டு என்னோடது. சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. ஆடித் திருவிழாவுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது என் பழைய கேமராவோட ஷட்டர் பொத்தான் மக்கர் பண்ண ஆரம்பிச்சது. நிர்வாகக் கூட்டத்துல எழுந்து, "கோயிலுக்குன்னு ஒரு கேமரா வாங்கலாமா? லென்ஸோட சேர்த்து 6,500 வெள்ளி ஆகும்"னு கேட்டேன்.

பொருளாளர் ஐயா கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வெச்சார். "எல்லார் கையிலயும் ஹேண்ட்போன் இருக்கே தம்பி. அது உபயக்காரங்க கொடுத்த பணம். அதுல எதுக்கு கேமரா?"

நம்ம முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கிற தம்பியும் கூட்டத்துல இருந்தான். 22 வயசு, சுறுசுறுப்பான பையன். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. என் போன்லயே எல்லாம் எடுத்துடலாம். நீங்க எடுத்தா மறுநாள்தான் படம் வரும். நான் எடுத்தா அடுத்த நிமிஷம் பக்கத்துல இருக்கும்"னான்.

கோவம் வந்தது, மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தா, அவன் கேட்டதுலயும் நியாயம் இருந்தது. ஜப்பான் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தோட கணக்குப்படி, 2010-ல உலகம் முழுக்க அனுப்பின டிஜிட்டல் கேமரா 120 மில்லியனைத் தாண்டுச்சு. பத்தே வருஷத்துல, 2020-ல, அது 10 மில்லியனுக்கும் கீழ வந்துடுச்சு. சட்டைப்பையில போடுற சின்னக் கேமராவை போன் மொத்தமா விழுங்கிடுச்சு. என் கேமரா மட்டும் என்ன சாமியா?

சரி, சோதிச்சுப் பார்த்துடலாம்னு முடிவு பண்ணோம். திருவிழா அன்னைக்கு அவன் போன்ல, நான் கேமராவுல. ஒரே இடம், ஒரே நேரம். பிறகு ரெண்டையும் கலந்து, எது யாருதுன்னு சொல்லாம, அன்னதான அக்காமார்கிட்டயும் நிர்வாகத்துகிட்டயும் காட்டுறது. என் கேமராவை செகண்ட் ஹேண்ட்ல 1,400 வெள்ளிக்கு வாங்கினேன். தம்பியோட போன் விலை அதைவிட ரெண்டு மடங்கு. அதனால "காசு அதிகம் போட்டவன் ஜெயிச்சான்"னு யாரும் சொல்ல முடியாது.

முதல்ல, நான் தோத்த கதை.

காலையில நாலரை மணி. சமையல்கட்டுல அண்டா ஏத்தி சாம்பார் கொதிக்குது. நான் கேமராவோட உள்ள போனதும் அக்காமார் எல்லாரும் கையைத் துடைச்சு, முந்தானையைச் சரி பண்ணி, வரிசையா நின்னுட்டாங்க. தம்பி ஓரமா நின்னு போனைத் தட்டிக்கிட்டிருந்தான், யாரும் கண்டுக்கல. அவன் எடுத்த படத்துல ஒரு பாட்டி வெங்காயம் உரிச்சுக்கிட்டே பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரிக்கிறாங்க. என் படத்துல அதே பாட்டி பாஸ்போர்ட் எடுக்க வந்த மாதிரி நிக்கிறாங்க.

அடுத்து மண்டபத்துல அலங்காரம். அம்மனைச் சுத்தி விளக்கு வெளிச்சம், பின்னால இருட்டு. போன் அந்த ஒரு நொடிக்குள்ள பல படங்களை வெவ்வேற வெளிச்ச அளவுல எடுத்து, தானா ஒண்ணாச் சேர்த்துடுது. விளக்குச் சுடரும் தெரியுது, பட்டுச் சேலையோட கரையும் தெரியுது. அதே மாதிரி கேமராவுல வரணும்னா வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர்ல அரை மணி நேரம் உட்காரணும். பால்குடம் வரும்போது லேசா மழை வேற. தம்பி போனைத் துடைச்சுக்கிட்டே எடுத்தான். நான் கேமராவை பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டுக்கிட்டு கூரை தேடி ஓடினேன். வீடியோவைப் பத்திப் பேசவே வேணாம். உறுமி மேளத்தோட கூடவே நடந்து அவன் எடுத்த வீடியோ ஆடாம அசையாம இருந்துச்சு. ஆஸ்திரேலியாவுல இருக்கிற ஒரு குடும்பம் அதை அப்பவே பார்த்து கண்கலங்கி பதில் போட்டாங்க.

பகல் முழுக்க அவன்தான் ஜெயிச்சான். இதை நான் மனசாரச் சொல்றேன்.

சாயங்காலம் ஏழரை மணிக்கு மேல, தீமிதி.

பொழுது சாஞ்சாச்சு. குழியில தணல் சிவப்பா கிடக்கு. கயிறு கட்டி, தொண்டூழியர்கள் கையைக் கோத்து நிக்கிறாங்க. குழிக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு பத்து மீட்டர் இருக்கும். கரகம் தலையில வெச்சு பூசாரி இறங்கினார். அவர் பின்னால ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் குழியைக் கடந்து பால்குழியில கால் வைக்க சில நொடிதான். அந்த சில நொடிக்கு அவங்க மாசக்கணக்குல விரதம் இருந்திருப்பாங்க.

தம்பி படத்துல ஒரு அம்மாவுக்கு மூணு கால். இருட்டுல போன் பல படங்களை அடுக்கித்தான் வெளிச்சத்தைச் சேர்க்கும். ஆள் ஆடாம நின்னா அற்புதமா வரும், நடந்தா ஒரு காலே ரெண்டு இடத்துல விழும். ஸூம் பண்ணினா இன்னும் மோசம். இருட்டுல பல போன்கள் தூரத்துக்கான லென்ஸை விட்டுட்டு, பெரிய லென்ஸ்ல எடுத்த படத்தையே வெட்டிப் பெருசாக்கிக் கொடுக்கும். முகம் மெழுகு மாதிரி வழுவழுன்னு ஆயிடும்.

ஏன் இப்படின்னு எளிமையாச் சொல்றேன். மழைத் தண்ணி புடிக்க வெளிய டம்ளர் வெச்சா ஒரு அளவு, அன்னதான அண்டாவை வெச்சா வேற அளவு. நல்ல போன்ல இருக்கிற பெரிய சென்சாரே ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அகலம், 7 மில்லிமீட்டர் உயரம். என்னோட பழைய கேமராவுல அது 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். பரப்புல அஞ்சு மடங்கு. முழு அளவுக் கேமரான்னா 36-க்கு 24, அதாவது பன்னிரண்டு மடங்கு. மழை நிக்காம பெய்யும்போது டம்ளரைத் திரும்பத் திரும்ப வெச்சு அண்டாவை நிரப்பிடலாம், போன் செய்யுறது அதுதான். மழை ஒரே நொடிதான் பெய்யும்னா டம்ளர் என்ன பண்ணும்?

நான் நொடியில 250-ல ஒரு பங்குன்னு ஷட்டரை வெச்சு எடுத்தேன். ஒழுங்காச் சொல்லிடுறேன், 400 படம் எடுத்து 300-ஐத் தூக்கிப் போட்டேன். போக்கஸ் தப்பினது, முன்னால தலை மறைச்சது, என் கை நடுங்கினது. மிச்சம் இருந்ததுல ஒண்ணு: அதே அம்மா, கடைசி அடி, தூக்கின பாதத்துக்குக் கீழ சாம்பல் பறக்குது, கண் மூடியிருக்கு, உதடு ஏதோ சொல்லுது. அதைக் காட்டினதும் சமையல்கட்டே அமைதியாயிடுச்சு. தீமிதிப் படங்கள்ல அவங்க தேர்ந்தெடுத்தது எல்லாமே கேமராவுல எடுத்தது. சமையல்கட்டு, மண்டபம், பால்குடம் படங்கள்ல பெரும்பாலும் போன்.

அதனால என் கருத்து இதுதான். தூரம், இருட்டு, ஓட்டம். இதுல ஏதாவது ஒண்ணு மட்டும் இருந்தா போன் சமாளிச்சுடும். மூணும் ஒரே நேரத்துல வந்தா போன் கைவிட்டுடும். நம்ம கோயில் திருவிழாக்கள்ல முக்கியமான கட்டங்கள் எல்லாம் அந்த மூணும் சேர்ந்துதான் வருது. தீமிதி, ராத்திரி இரதம், தைப்பூசத்துக்கு விடியறதுக்கு முன்னால பத்துமலையில 272 படி ஏறுற காவடி, எதை எடுத்தாலும் அப்படித்தான்.

படத்தோட தரத்தைவிட முக்கியமான இன்னொரு விஷயம் இருக்கு. போனோட முதன்மை லென்ஸ் அகலமாப் பார்க்கிற லென்ஸ். முகம் நிறைய வரணும்னா கிட்டப் போய்த்தான் ஆகணும். அலகு குத்தி, மருள் வந்து நிக்கிற பக்தர் முகத்துக்கு நேரா பத்துப் பதினஞ்சு கை போனை நீட்டுறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. "வழி விடுங்க, வழி விடுங்க"ன்னு கத்தியே எங்க தொண்டை கட்டிப்போகுது. நீள லென்ஸ் இருந்தா ஓரமா நின்னு, அவங்க விரதத்தைக் கெடுக்காம எடுக்கலாம். கேமராக்காரன் எல்லாரும் யோக்கியன்னு சொல்லல. ஏணி மேல ஏறி சாமியையே மறைச்சு நிக்கிறவங்களும் உண்டு. ஆனா தள்ளி நிக்கிற வசதியாவது கேமராவுல இருக்கு.

நம்ம நிறத்தைப் பத்தியும் சொல்லணும். பல போன்கள் முகத்தைப் பார்த்ததும் தானா வெளுப்பாக்கி, சுருக்கத்தை அழிச்சுடுது. விபூதிக்கும் நெத்திக்கும் வித்தியாசமே தெரியாமப் போகுது. மயில் தோகைக் காவடியைப் பின்னணி மங்கலா வர்ற மாதிரி எடுத்தா பாதி இறகு காணாமப் போயிடும், ஏன்னா அந்த மங்கல் மென்பொருள் போடுற கணக்கு. கேமராவும் பிறவியிலயே நேர்மையானது இல்ல. பிலிம் காலத்துல வெள்ளைக்காரப் பெண்கள் படம் போட்ட அட்டையை வெச்சுத்தான் லேப்ல நிறத்தைச் சரி பார்த்தாங்க. போன் பக்கமும் திருந்தி வருது, கூகுள் 2021-ல கருத்த, மாநிற முகங்களுக்குன்னே 'ரியல் டோன்'னு ஒண்ணைக் கொண்டு வந்துச்சு. எதுல எடுத்தாலும் அந்த 'அழகாக்கும்' வசதியை அணைச்சு வையுங்க. அம்மா முகத்துல இருக்கிற சுருக்கம் அம்மாவோடது.

நான் ஏன் இதுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுறேன்னு சிலர் கேட்பீங்க.

எங்க கோயில் முதல்ல தோட்டத்துல இருந்தது. தோட்டத்தை வித்து வீடு கட்டினப்போ, 1998-ல, இப்ப இருக்கிற இடத்துக்கு வந்தோம். பழைய கோயில், அரச மரம், பக்கத்துல லயம், எதுவும் இன்னைக்கு இல்ல. இருக்கிறது ரெண்டே ரெண்டு படம். தோட்டத்துக் கிராணி ஒருத்தர் 1981-ல பிலிம் கேமராவுல எடுத்தது. நெகட்டிவ் பத்திரமா இருந்ததால மூணு அடி அகலத்துக்குப் போட்டு மண்டபத்துல மாட்டியிருக்கோம். வயசானவங்க வந்தா முதல்ல அது முன்னாலதான் நிப்பாங்க. "இதோ, இந்த வாசல்லதான் எனக்குத் தாலி கட்டினாங்க"ன்னு விரல் வெச்சுக் காட்டுவாங்க.

2014 கும்பாபிஷேகத்துக்கு எத்தனை போன் தூக்கினோம்! எல்லாம் குழுவுல அனுப்பினதோட சரி. அப்படி அனுப்பும்போது செயலி படத்தைச் சுருக்கி, 12 மெகாபிக்சல் ரெண்டு மெகாபிக்சலா ஆயிடுது. மூணு அடிக்குப் போட்டா ஒரு அங்குலத்துக்கு 50 பிக்சல்கூட தேறாது. மூலப் படம் இருந்த போன்கள் உடைஞ்சாச்சு, வித்தாச்சு, தொலைஞ்சாச்சு. நான் எடுத்ததும் பாதிதான் மிச்சம், அதுக்கு என் சோம்பேறித்தனம்தான் காரணம். இது போனோட குத்தம் இல்ல, நம்ம பழக்கத்தோட குத்தம். 1981-ல ஒரே ஒருத்தர் கையில கேமரா இருந்தது, அவர் பொறுப்பா வெச்சிருந்தார். இப்ப எல்லார் கையிலயும் இருக்கு, பொறுப்பு யாருதுன்னு கேட்டா ஆளில்ல.

படம் புடிக்கிற ஆசையில "கேமரா வாங்கவா?"ன்னு கேட்கிற தம்பி தங்கச்சிகளுக்கு: குடும்பம், பயணம், சாப்பாடு, பகல்ல நடக்கிற விசேஷம்னா போனே போதும், கடன் வாங்கி கேமரா வாங்காதீங்க. ராத்திரி இரதமோ, மேடை நாடகமோ, பந்து விளையாட்டோ எடுக்கணும்னு நிஜமா ஆசை இருந்தா பழைய கேமரா ஒண்ணு, 50 மில்லிமீட்டர் எப் 1.8 லென்ஸ் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல பாருங்க. போன் உங்களுக்காக முடிவு எடுக்கும். கேமராவுல தப்பு பண்ணினா அது உங்க தப்பு, அதனால கத்துக்குவீங்க. ரெண்டுல எதுல எடுத்தாலும் மூலப் படத்தை அந்த வாரமே வேற இடத்துல சேமிச்சு வையுங்க.

அடுத்த கூட்டத்துல நான் எழுந்து, "6,500 வெள்ளி கேமரா வேணாம் ஐயா"ன்னு சொன்னேன். பொருளாளர் ஐயா நம்பாமப் பார்த்தார். "பழைய கேமரா ஷட்டரை 280 வெள்ளியில சரி பண்ணித் தர்றேன்னு கடைக்காரர் சொல்றார். கூட ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுங்க. ஒண்ணு ஆபீஸ்ல, ஒண்ணு தலைவர் வீட்டுல இருக்கட்டும்." அஞ்சு நிமிஷத்துல ஒப்புதல் ஆயிடுச்சு.

தம்பி வெளிய வந்து கேட்டான், "அண்ணே, அந்த 250-ல ஒண்ணுன்னு வெச்சீங்களே, அது எங்க இருக்கு?"

காட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூசை முடிஞ்சு ஒரு மணி நேரம் பழகுறான். அடுத்த வருஷம் தீமிதிக்கு கேமரா அவன் கையில. நான் அவன் போனை வாங்கிக்கிட்டு சமையல்கட்டுக்குப் போகப் போறேன். அந்தப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்களான்னு பார்ப்போம்.

உங்க கோயில்ல படங்களை யார் எடுக்கிறாங்க, எங்க வெச்சிருக்கீங்க? கீழ சொல்லுங்க.