எஞ்சினின் கணக்குப் பிசகும்போது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலை வணிகம் செய்துவரும் சகோதரர் ஒருவர் தம் காரைப் பற்றி எழுதியுள்ளார். பிறரிடமிருந்து வாங்கிய பெட்ரோல் வண்டி. சென்னைக்குச் சேலைக் கட்டுகளைக் கொண்டு செல்வதும், குடும்பத்தாரை அழைத்துச் செல்வதும் அதில்தான். ஒரு நாள் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் கருவியைப் பொருத்திப் பார்த்து, 'பி0016' எனக் கூறி, சென்சார் ஒன்றை மாற்றினார். சில நாட்களில் விளக்கு மீண்டும் எரிந்தது. இப்பொழுது மற்றொருவர் எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்கிறாராம். யார் சொல்வதை நம்புவது என்பது அவர் கேள்வி.

அளந்து பார்க்காமல் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம் என்பதே நம் விடை. காரணத்தை விளக்க அவருடைய ஊரின் தறியே போதும். தறியின் மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியை அவர் நாள்தோறும் காண்பவர். மிதியை மிதிக்கும்போது ஓர் அட்டை திரும்புகிறது, அதிலுள்ள துளைகளுக்கேற்பப் பாவு இழைகள் உயர்கின்றன, நாடா ஓடுகிறது. அட்டை ஒன்று தவறித் திரும்பினால் பூ வேலை கோணிவிடும். அதற்காக அட்டைக் கட்டு முழுவதையும் எந்த நெசவாளரும் எறிந்துவிடமாட்டார். கணக்கு எங்கே தவறியது என்றுதான் தேடுவார்.

எஞ்சினிலும் இத்தகைய கணக்கு உண்டு. பிஸ்டன்களின் அசைவை ஏற்றுச் சுழல்வது கிராங்க் தண்டு. காற்றும் எரிபொருளும் உள்ளே வரவும், புகை வெளியேறவும் வால்வுகளைத் திறப்பது கேம் தண்டு. முன்னது இரண்டு சுற்றுச் சுற்றினால் பின்னது ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இரண்டையும் இணைப்பது பற்கள் கொண்ட ரப்பர் பெல்ட் அல்லது உலோகச் சங்கிலி. 1998-இல் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த முதல் சான்ட்ரோவில் இருந்தது பெல்ட். இன்றைய கார்கள் பலவற்றில் சங்கிலி.

இவ்விரு தண்டுகளின் நிலையையும் தனித்தனிச் சென்சார்கள் கவனித்து, எஞ்சினின் கணிப்பொறிக்குச் சொல்கின்றன. அவை சொல்லும் கணக்கு ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதே பி0016-இன் பொருள். எந்த உறுப்பு கெட்டது என்பதை அந்த எண் சொல்வதில்லை. முதலெழுத்து எஞ்சினும் கியரும் சேர்ந்த பகுதியைக் குறிக்கும்; அடுத்துவரும் பூஜ்யம், எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான எண் என்பதைக் குறிக்கும். பி0335 கிராங்க் சென்சாரின் மின்சுற்றையும், பி0340 கேம் சென்சாரின் மின்சுற்றையும் சுட்டுபவை. இவ்விரண்டில் ஒன்று வந்திருந்தால் சென்சாரையும் வயரையும் முதலில் ஐயுறுவது முறை. நம் சகோதரருக்கு வந்ததோ பி0016.

அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்குக் கட்டாயமான இந்த ஏற்பாடு, நம் நாட்டில் 2010 ஏப்ரலில் முதற்கட்டமாகவும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் வந்தது. ஸ்டீயரிங்கின் கீழே பதினாறு முனைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் பொருத்தும் சிறு கருவியைக் கடல் கடந்து பணிபுரியும் மைந்தர்கள் ஊருக்கு வரும்போது வாங்கி வருவதும் உண்டு. நல்ல கருவிதான். ஆனால் எண்ணை அழிக்கும் வசதியும் அதில் இருப்பதால், விளக்கு அணைந்ததும் பழுது தீர்ந்ததாகப் பலர் மகிழ்ந்துவிடுகின்றனர்.

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் ஆயில். இதற்குச் செலவே இல்லை. வால்வு திறக்கும் நேரத்தை ஆயிலின் அழுத்தத்தால் மாற்றும் அமைப்பு இன்றைய பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் உண்டு. ஆயில் குறைந்தாலும், கரிபடிந்து குழம்பாகிப் போனாலும் அதன் சிறு வால்வு அடைபட்டு, கேம் தண்டு உரிய இடத்திற்கு வராது. சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பல எஞ்சின்களில் ஆயில் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போது சில விநாடிகள் சடசடவென்று ஓசை கேட்கிறதா? சங்கிலி தளர்ந்திருக்கக் கூடும். அண்மையில் யாரேனும் எஞ்சினைத் திறந்தார்களா என்பதையும் விசாரிக்க வேண்டும். பொருத்தும்போது ஒரு பல் தள்ளிப்போயிருக்கலாம். எலி கடித்த வயரும் இதே வேலையைச் செய்யும்.

இவற்றிலும் விடை கிட்டாவிடில், ஆசிலாஸ்கோப் என்னும் கருவியால் இரண்டு சென்சார்களின் அலைகளையும் ஒருசேர வரைந்து பார்க்கலாம். அந்த எஞ்சினுக்குரிய சரியான வரைபடத்தோடு ஒப்பிட்டால், கணக்கு எவ்வளவு விலகியுள்ளது என்பது எஞ்சினைத் திறக்காமலே தெரிந்துவிடும். பிரிக்கச் சொல்பவரிடம், "இதைப் பார்த்தீர்களா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

அதுவரை சென்னைப் பயணம் வேண்டாம். சங்கிலி பல் தாண்டினாலோ அறுந்தாலோ, எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன் மேலேறி வந்து திறந்திருக்கும் வால்வில் மோதும். வால்வுகள் வளைந்தபின் ஆகும் செலவு, சங்கிலி மாற்றும் செலவைப் போல் பன்மடங்கு. சங்கிலியே காரணம் என உறுதியானால் அதனோடு டென்ஷனரையும் வழிகாட்டிப் பட்டைகளையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.